குண்டுச் செடிக்காரர்

வெட்ட மனம் வராதவர் என்று ஓர் இனம் உண்டு. உங்கள் தெருவிலும் ஒருவராவது இருப்பார். வீட்டுக்குள் வளர்க்கும் செடியில் கத்தரிக்கோல் வைக்கச் சொல்லிப் பாருங்கள். அவர் காதையே வெட்டித் தரச் சொன்னதுபோல் முகம் வெளுக்கும்.

நம் தையல்காரரை எடுத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு விலையுயர்ந்த துணியானாலும் பேசிக்கொண்டே சரக்கென்று இரண்டாக்கிவிடுவார். ஆனால் அதே அறையின் ஜன்னலோரம், சதைப்பிடித்த இலைகளோடு நிற்கும் குண்டு என்றால் மனிதர் உருகிப்போவார். குண்டு என்பது செடிக்கு அவர் வைத்த செல்லப்பெயர். ஒரு சாண் உயரத்தில் வந்த குண்டு, ஏழு வருடத்தில் ஜன்னலை அடைத்து, திரைச்சீலையை விழுங்கி, இஸ்திரி மேசையில் ஒரு கையை ஊன்றி, அளவு கொடுக்க வருகிறவர்களின் தலைமுடியைப் பிடித்து இழுக்கும் அளவுக்கு வளர்ந்துவிட்டது. சாய்ந்த கிளைகளை எலாஸ்டிக் நாடாவால் கட்டினார். போதாதென்று மர அளவுகோலை முட்டுக்கொடுத்தார். பிறகு அளவுகோலைக் காணோமென்று வீட்டையே இரண்டாக்கியதும் அவர்தான். ஜன்னல் திறந்து மூன்று வருடம். இஸ்திரிப் பெட்டியின் ஆவியில் புருஷனும் பெண்டாட்டியும் வெந்துகொண்டிருந்தார்கள்.

வெட்டலாமே என்றால், வெயில் தணியட்டும் என்பார். தணிந்தால், மழை ஓயட்டும். ஓய்ந்தால், இப்போதுதானே துளிர் விட்டிருக்கிறது, எப்படி வெட்டுவது? இவர் காலண்டரில் அதற்கான தேதியை யாரும் அச்சடிக்கவே இல்லை.

கடைசியில் குண்டே பேசிவிட்டது. ஒரு மத்தியானம் படக்கென்று சத்தம். நடுத்தண்டில் விரல் நீளத்துக்கு ஒரு வெடிப்பு. பட்டன் தைத்துக்கொண்டிருந்த மனைவி எழுந்து வந்து குனிந்து பார்த்தாள்.

"பாரம் தாங்கல. இன்னிக்கே வெட்டலைன்னா அடி வரைக்கும் பிளந்துடும். அப்புறம் உக்காந்து அழுது என்ன பிரயோஜனம்?"

தையல்காரர் வெடிப்பைத் தடவிப் பார்த்தார். குண்டு போய்விட்டால் எந்திரத்தை மிதித்தபடி யாரிடம் வாடிக்கையாளர்களைத் திட்டுவது? அளவு நாடாவையும் சாக்கட்டியையும் எடுத்தார். ஒவ்வொரு கிளையையும் அளந்தார், கோடு போட்டார், அழித்தார், நுனியிலிருந்து அரை அங்குலத்தில் மறுபடி போட்டார். நாளைக்குப் பத்தாமல் போனால் பிரித்துவிடக் கொஞ்சம் மிச்சம் வேண்டாமா?

"பாதியா வெட்டச் சொன்னா ஓரம் தட்டிக்கிட்டு இருக்கீங்க. இது என்ன ஜாக்கெட்டா? பிரிச்சு விடறதுக்கு?"

காகிதம் வெட்டக்கூட யாருக்கும் தராத தன் துணிக்கத்தரியை எடுத்தார். கண்ணை இறுக மூடிக்கொண்டார். நறுக்!

ஒன்றும் ஆகவில்லை. ஒரு கண்ணைத் திறந்தார். இன்னொரு நறுக். அதற்குப்பின் யாரால் நிறுத்த முடியும்? தேநீர் ஆறியது, வாடிக்கையாளர் வந்து காத்திருந்து போனார், நறுக் நறுக்கென்று சுற்றிச்சுற்றி வந்தார். மனைவி கையைப் பிடித்தபோது குண்டு மொட்டைக் கட்டையாக நின்றது. அவள் ஜன்னலைத் திறந்தாள். மூன்று வருடத்துக் காற்று ஒரே மூச்சில் உள்ளே வந்தது.

மூன்றே வாரத்தில் வெட்டிய இடமெல்லாம் இரண்டிரண்டு துளிர். தையல்காரர் துள்ளிக் குதித்ததில் ஊசிப்பெட்டி கவிழ்ந்தது. குண்டு பிழைத்துவிட்டது. சுபம் என்று நினைக்கிறீர்களா? வெட்ட மனம் வந்துவிட்டது, சரி. வீச?

அன்று வெட்டிய அறுபத்திரண்டு துண்டுகளையும் ஒரு வாரம் காயவைத்து, பட்டன் டப்பா, நூல் டப்பா, கைப்பிடி உடைந்த கோப்பை என்று அகப்பட்டதிலெல்லாம் நட்டார். உதிர்ந்த இலையையும் விடவில்லை. பாவிகள், ஒன்றுகூடச் சாகவில்லை. சட்டை வாங்க வந்தவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு குட்டிக் குண்டு கட்டாயம். அதோடு விட்டாரா? அடுத்த முறை கழுத்தளவு எடுக்கும்போது நாடாவை லேசாக இறுக்கி, "நம்ம புள்ள எப்படி இருக்கு?" என்பார். வாடிவிட்டது என்று சொல்லும் துணிச்சல் யாருக்கு வரும்? மிச்சமெல்லாம் ஜன்னல் கட்டையில் மூன்று வரிசையாக நிற்கின்றன. ஜன்னல் மறுபடி மூடியாகிவிட்டது.

சிரிக்கிறீர்கள். நீங்கள் அந்த இனமில்லை. சந்தோஷம். அப்படியானால் உங்கள் சமையலறை ஜன்னலில், மூடி தொலைந்த ஜாடிக்குள், ஒற்றை இலை ஒன்றை நிறுத்திவைத்துக் காலையில் யாரும் பார்க்காதபோது வேர் விட்டிருக்கிறதா என்று தூக்கித் தூக்கிப் பார்க்கிறீர்களே, அது யார்?