ரிஜெக்ட் மொச்சை

தர ஆய்வுப் பிரிவில் வேலை பார்ப்பவனுக்கு ஒரு வியாதி உண்டு. கம்பெனி கேட்டைத் தாண்டிய பிறகும் ஆய்வை நிறுத்த மாட்டான். எனக்கு அது முற்றிப்போயிருந்தது. கல்யாணப் பந்தியில் வடையின் ஓட்டை நடுவில் இருக்கிறதா என்று பார்ப்பேன். (பார்த்துவிட்டுத் தின்பேன், அது வேறு.)

மீஞ்சூரில் எங்கள் வீட்டு வேலியில் என் மனைவி செல்வி மொச்சை போட்டிருந்தாள். அவள் அம்மா வீட்டு விதை, கடையில் கிடைக்காது. கருஞ்சிவப்புக் கொட்டை, ஓரத்தில் வெள்ளைக் கீற்று. முந்தின மழையில் அம்மா வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து அங்கிருந்த விதையெல்லாம் அழுகிவிட்டது. மிச்சம் எங்கள் வேலியில் இருந்தது மட்டும்தான். அதில் பாதி, ஆடியில் விதைக்க அவள் தம்பி குமாருக்குப் போகவேண்டும்.

காய் நெற்றானதும் பறித்து உடைத்தோம்.

"மாடியில நாலு நாள் காயவெச்சு, சாம்பல்ல பெரட்டி வெச்சுடலாங்க" என்றாள்.

எனக்குப் பொறுக்குமா? "மாடியில துணி போட்டாலே கரித்தூள் படிஞ்சு கறுப்பாவுது. கம்பெனி லேப்ல ஓவன் கீது, பக்காவா காயவெச்சு எடுத்துக்கினு வரேன்."

முதலில் பொறுக்கினேன். சுருங்கியது, கோணியது, புள்ளி விழுந்தது எல்லாம் ரிஜெக்ட். அவற்றைக் குழம்புக்கு என்று ஒரு டப்பாவில் போட்டேன். தேறியதைக் கும்மிடிப்பூண்டியில் இரும்பு வார்க்கும் எங்கள் கம்பெனிக்குக் கொண்டுபோய், வார்ப்பு மணலின் ஈரம் பார்க்கும் ஓவனில், மணலுக்கு வைக்கும் அதே நூற்றைந்து டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்தேன். என்ன கலகல சத்தம்! பாக்கெட் போட்டு, 'ஓகே' ஸ்டிக்கர் ஒட்டி, குமாருக்கும் கொடுத்தேன். என் முதுகை நானே தட்டிக்கொள்ளாததுதான் பாக்கி.

ஆடியில் விதைத்தோம். பத்து நாளாகியும் ஒன்றும் தலைகாட்டவில்லை. குமார் போன் செய்தான்.

"இன்னா மாமா குடுத்தீங்க? ஒண்ணுகூட மொளைக்கல. தோண்டிப் பாத்தா கொழகொழன்னு கீது."

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த செல்வி என்னைப் பார்த்தாள். டிகிரியைச் சொன்னேன்.

"அடப்பாவி மனுஷா, வெதைய வறுத்துட்டீங்களே! எங்கம்மாவுக்கு இன்னான்னு சொல்லுவேன்?" என்று அழுதுவிட்டாள். அன்று எனக்கு நிஜமாகவே அசிங்கமாக இருந்தது.

சட்டென்று எழுந்துபோய் அந்த ரிஜெக்ட் டப்பாவைக் கவிழ்த்தாள். முக்கால்வாசியை ஏற்கெனவே குழம்பில் தின்றிருந்தோம். வண்டு ஓட்டை போட்டது போக, பதினேழு கொட்டை மிஞ்சியது. அவளே ஊன்றினாள். என்னை வேலிப் பக்கமே விடவில்லை.

பதிமூன்று முளைத்தது. தையில் வேலி கொள்ளாமல் காய்த்தது. இன்றைக்கு அவள் அம்மா வீட்டிலும் குமார் வீட்டிலும் அந்த விதைக்குப் பெயரே 'ரிஜெக்ட் மொச்சை'.

போன மாதம் எங்கள் மகள் ஒரு இன்டர்வியூவில் தேறாமல், முகம் வாடி வந்து உட்கார்ந்தாள்.

"ரிஜெக்ட்டா? விடுடி" என்றாள் செல்வி. "உங்கப்பா ஓகே பண்ணதுல எது மொளைச்சுது?"

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். இத்தனை வருட சர்வீஸில் என் ஸ்டிக்கரால் ஒருவருக்கு உபகாரம் நடந்தது அன்றைக்குத்தான்.