நானூற்றுப் பத்து போட மாட்டேன்

அன்புள்ள தம்பிக்கு அண்ணி எழுதுவது. இங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லை, கடையும் திறந்துதான் இருக்கிறது. அங்கே நீங்களும் தங்கச்சியும் பிள்ளைகளும் நோய் நொடி இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு, நன்றாக இருக்க வேண்டும்.

நேற்று நீங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே போனை வைத்துவிட்டேன். மூத்தவள் செய்கிற காரியமா அது, மன்னித்துவிடுங்கள். வாயால் சொன்னால் பாதியில் அழுகை வந்துவிடும், அதனால் எழுதுகிறேன். ஐந்தாவதோடு நின்றவள், பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். சங்கதி இதுதான். நீங்கள் ஒரு நடை வந்து நம் வாடகைக் கடையில் இருக்கும் சர்வர் பெட்டியை நிறுத்தி, உங்களோடு எடுத்துப் போய்விடுங்கள். எனக்கும் அதற்கும் ஒத்துப்போகவில்லை.

உங்கள் அண்ணனும் நீங்களும் ஒரு லீவு முழுக்க உட்கார்ந்து, சாமான் கணக்கு இருக்கும் அந்த டேட்டாபேஸ் சர்வருக்குள்ளேயே கதவு கதவாக எண்ட்பாயிண்ட் எழுதியபோது நான் தேநீர் கொடுத்ததோடு சரி. நாற்காலிக்கு ஒரு கதவு, மேசைக்கு ஒன்று, ஏணிக்கு ஒன்று. வாடகைக்கு வேண்டியவர் போனில் அந்தக் கதவைத் தட்டினால் சர்வரே நேராகப் பதில் சொல்லும், நடுவில் வேறு ஆள் கிடையாது. உங்கள் அண்ணன் போன பிறகு நீங்கள் எனக்குப் போனிலேயே சொல்லிக்கொடுத்தீர்கள். “அண்ணி, இதுக்குச் சொந்த புத்தி கிடையாது. பதிலோட எண், அது என்ன வகை, உள்ளே என்ன வாசகம், மூணையும் நாமதான் சொல்லணும்.” இருநூறு என்றால் சரி, நானூற்று நாலு என்றால் காணோம். அதெல்லாம் புரிந்தது. ஆனால் கதவைத் தட்டி ஒருவர் கேட்க, எடுத்த எடுப்பில் இல்லை என்று முகத்தில் அடிப்பதா என்று எனக்கு மனசு வரவில்லை. நானூற்று நாலு இருந்த இடத்தில் எல்லாம் இருநூறு போட்டேன். ‘இல்லை’ என்பதை அழித்து ‘பார்க்கலாம், வாங்க’ என்று எழுதினேன். மரியாதையாக இருக்கட்டுமே என்றுதான். இருநூறைப் பார்த்தால் போனில் பச்சைக் குறி விழும், விழுந்தால் பதிவாகிவிடும் என்று யார் கண்டது?

ஞாயிற்றுக்கிழமை, இருக்கிற நூறு நாற்காலிக்கு மூன்று வேன் வாசலில் நின்றது. ஒன்று பிறந்தநாள் வீடு, ஒன்று சங்கக் கூட்டம், ஒன்று துக்க வீடு. “ஏம்மா, உங்க மெஷின் இருக்குங்குது, நீங்க இல்லைங்கிறீங்க, நாங்க யாரை நம்புறது?” என்று சங்கத்துக்காரர் சத்தம் போட்டார். நான் துக்க வீட்டுக்கு ஏற்றிவிடச் சொன்னேன். பிறந்தநாள் வீட்டுக்காரர் விடவில்லை. “அப்ப எங்க வீட்டுப் பிள்ளைங்க நின்னுக்கிட்டே கேக் தின்னணுமா?” “பிறந்தநாள் அடுத்த வருஷமும் வரும் சார்” என்றேன். அவர் வேனைத் திருப்பிக்கொண்டு போனார். எதிர்வீட்டு டெய்லர் விளையாட்டுக்கு யானை என்று கேட்டுப் பார்த்தாராம், அதற்கும் ‘பார்க்கலாம், வாங்க’ என்று வந்ததாம். தெருவே சிரித்தது. அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன்.

தாங்க முடியாதது ‘ஆள்’ என்கிற கதவு. கடையில் இருக்கிறாரா என்று ஆளாளுக்குப் போன் செய்கிறார்கள் என்று உங்கள் அண்ணன் அதைத் தனக்கே எழுதிக்கொண்டார். யார் தட்டினாலும் இருநூறு, ‘இருக்கேன், வாங்க’. அவர் எங்கே போகப்போகிறார் என்று வேறு பதிலே எழுதவில்லை. நாலு மாதமாக நான் அதைத் தொடவில்லை. தினம் கடை திறக்கும் முன்னால் என் போனில் ஒரு தடவை தட்டிப் பார்ப்பேன், சொல்லும். அப்புறம்தான் பூட்டைத் திறப்பேன். இதை யாரிடமும் சொன்னதில்லை.

நேற்று உங்கள் அண்ணனைத் தேடி ஒரு குழாய் வேலைக்காரர் இரண்டு மணி நேரம் பஸ்ஸில் வந்து, பழப்பையோடு உட்கார்ந்தார். “அண்ணன் இருக்கேன்னு சொன்னாரே, உள்ளே இருந்தா கூப்பிடும்மா” என்றார். டெய்லர்தான் ஓடி வந்து, அவர் தவறி நாலு மாதம் ஆயிற்று என்று சொன்னார். அந்த மனுஷன் தன் போனை என்னிடம் காட்டிக் காட்டி அழுதார். அதன் பிறகுதான் உங்களைக் கூப்பிட்டேன். நீங்கள் சொன்னீர்கள், “அண்ணி, காணோம்னா நானூத்தி நாலு. இருந்துச்சு, போயிடுச்சு, இனிமே வராதுன்னா நானூத்திப் பத்து. அண்ணனுக்கு நானூத்திப் பத்துதான் சரி.” உங்கள் மேல் தப்பில்லை, தம்பி. ஆனால் அவருக்கு அந்த எண்ணை என் கையால் நான் போட மாட்டேன். பெட்டியோடு போகட்டும். சீக்கிரம் வாருங்கள்.

தங்கச்சிக்கு என் அன்பு. பிள்ளைகள் நீண்ட ஆயுளோடு இருக்கட்டும்.

இப்படிக்கு,
அண்ணி

பின்குறிப்பு: வர வேண்டாம், தம்பி, மேலே கேட்டதை விட்டுவிடுங்கள். இவ்வளவு எழுதின கைக்கு இன்னும் ஒரு வரி எழுத முடியாதா என்று தோன்றியது. பெட்டி முன்னால் போய் உட்கார்ந்தேன். நாற்காலி, மேசைக்கெல்லாம் பழையபடி நானூற்று நாலு போட்டுவிட்டேன். ‘ஆள்’ கதவுக்கு நானூற்றுப் பத்து. வாசகம்: ‘அவர் இல்லை. நான் இருக்கேன், வாங்க.’ தட்டிப் பார்த்தேன். சரியாகத்தான் சொல்கிறது.