குளியலறை ஆந்தூரியத்துக்குப் பெயர் வைத்த கதை

அநியாயம் இழைக்கப்பட்டது பல் டாக்டரம்மாவுக்கு. இழைத்தவர் அவருடைய சொந்தப் புருஷன், மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர். டாக்டரம்மா வளர்த்த ஆந்தூரியத்தைத் தான் வளர்த்ததாகச் செடிப் பிரியர் சங்கத்தில் மைக் பிடித்துச் சொல்லி, கூச்சமே இல்லாமல் கைதட்டலும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

"ஒரு செடிதானே, இதில் என்ன அநியாயம்?" என்பவர்கள் கேட்டுக்கொள்ளட்டும். வேறொரு செடியோடு வந்த பாசியில் விரல்நுனி அளவுக்கு ஒட்டிக்கொண்டிருந்த கன்று அது. வெயில் பட்டால் கருகும். தண்ணீர் தேங்கினால் அழுகும். ஈரக்காற்று வேண்டுமென்று குளியலறை ஜன்னலோரம் வைத்து, பல் பார்க்கும் குட்டிக் கண்ணாடியை இலைக்கு அடியில் விட்டுப் பூச்சி தேடி, பிரஷ்ஷால் தூசி தட்டி, முறம் முறமாக இலை விடும்வரை காப்பாற்றியவர் டாக்டரம்மா. கடைக்காரர் செய்த உபகாரம் ஒன்றே ஒன்று. குளித்துவிட்டு ஈரத்துண்டை அதன் தலையில் போடுவார். அதையும் சங்கத்தில் "ஈரப்பதம் கொடுத்தேன்" என்று பெருமையடித்திருந்தார்.

சங்கச் செயலாளர் டாக்டரம்மாவுக்குப் போன் பண்ணியதில் குட்டு உடைந்தது.

"ஏங்க, யாரோ பேராசிரியை வந்து நம்ம செடியைப் பார்க்கப் போறாங்களாமே?"

"ஆமாம்மா. என்ன இனம்னு கண்டுபிடிக்க. புது இனமா இருந்தா வளர்த்தவர் பேரையே வைப்பாங்களாம்."

"வளர்த்தவர்னா?"

"குடும்பத் தலைவர்ங்கிற முறையில..."

"அப்ப நான் பிடுங்கின பல்லெல்லாம்கூட நீங்க பிடுங்கினதுதானா?"

"ச்சே! உன் பேரு, என் பேருன்னு பிரிச்சுப் பார்க்கலாமா?"

"கூடாதுதான். அப்ப என் பேரையே வைக்கச் சொல்லுங்க."

"அது... மைக்குல சொல்லிட்டேனேம்மா."

புயல் வரும் என்று கடைக்காரர் நாற்காலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். வரவில்லை. டாக்டரம்மா எழுந்து குளியலறைக்குப் போனார். பச்சைப் பாளை பாதி விரிந்திருந்தது. நடுவில் எலிவால் போன்ற கதிர் இன்னும் ஈரம் கசியாமல் இருந்தது. திரும்பி வந்தார்.

"சனிக்கிழமை சாயங்காலம் வரச் சொல்லுங்க. பூ அப்பத்தான் பக்குவத்துக்கு வரும்."

பெண்டாட்டி விட்டுக்கொடுத்துவிட்டாள் என்று நம்புகிற ஆண்களுக்கு எந்தக் கண்ணாடி போட்டும் பார்வை திருந்தாது. இவரோ கடையே வைத்திருப்பவர். புதுச் சட்டை எடுத்தார்.

சனிக்கிழமை பேராசிரியை லென்ஸோடு குளியலறைக்குள் நுழைந்தார். செயலாளர் கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்தார். பேராசிரியை இலையை வெளிச்சத்தில் பிடித்து நரம்புகளை எண்ணினார். தண்டின் அடியிலிருந்த நாரைத் தடவினார். படங்களோடு ஒப்பிட்டார்.

"தெரிஞ்ச எந்த இனத்தோடயும் ஒத்துப்போகலை. புதுசுதான்! சார், வாழ்த்துக்கள். உங்க பேர் இனி உலகம் பூரா..."

முடிக்கவில்லை. ஒரு நாற்றம் கிளம்பியது. செத்த எலியை மீன்சந்தையில் வைத்து வேகவைத்த நாற்றம். செயலாளர் கடைக்காரரைப் பார்த்தார். கடைக்காரர் சாக்கடைத் துளையைப் பார்த்தார். பிறகு செயலாளரின் சாக்ஸைப் பார்த்தார். பேராசிரியை கதிர் பக்கம் மூக்கைக் கொண்டுபோய், கண்ணில் நீரோடு திரும்பினார்.

"பூதான் சார்! ஈயைக் கூப்பிடுது. இதையும் குறிப்புல எழுதணும். முதல்ல உங்க பேர், அடுத்தது 'சகிக்க முடியாத துர்நாற்றம்'. தாவரப் பூங்காவுல பலகையும் வைப்பாங்க. வர்றவங்கல்லாம் மூக்கைப் பிடிச்சுக்கிட்டுப் படிப்பாங்க."

கடைக்காரர் தன் கடையை நினைத்துப் பார்த்தார். வாசலில் அதே பெயர். வாடிக்கையாளர்கள் அத்தனை பேர் கையும் மூக்கில். கையிருக்கும் மூக்கில் கண்ணாடியை எங்கே மாட்டுவது?

"மேடம்! உண்மையைச் சொல்லிடறேன். வளர்த்தது என் வீட்டுக்காரி! நான் துண்டு போட்டதோட சரி! அவ பேரையே வைங்க!"

"அப்புறம் மாத்த முடியாது. சங்கத்துலயும் சொல்லியாகணும்."

"மைக்குலயே சொல்றேன்!"

"இவ்வளவு கெஞ்சுறீங்க, வேணாம்னா சொல்ல முடியும்?" என்று கதவோரம் நின்ற டாக்டரம்மா பெருமூச்சு விட்டார்.

மறுநாளே கடைக்காரர் சங்கத்தில் மைக் பிடித்துச் சொல்லிவிட்டார். டாக்டரம்மா பெயரும் பதிந்துபோனது.

சில நாளில் கதிரின் ஈரம் காய்ந்து மஞ்சள் மகரந்தம் கண்டது. குளியலறையிலிருந்து மாடிப்படி வரை மணம். கனிந்த பழமும் தேனும் கலந்த மணம். எதிர்வீட்டம்மா கதவைத் தட்டி, "என்ன சென்ட்டுங்க இது?" என்று கேட்டார். மகரந்தம் எடுக்க வந்த பேராசிரியையோ போக மனமில்லாமல் அங்கேயே நின்றார்.

"நாத்தம் கொஞ்ச நேரம்தான் போல. மணம்தான் நிக்குது. இதுக்காகவே ஊர் ஊரா உங்க பேரைச் சொல்லிக் கேப்பாங்க, டாக்டர்!"

பேராசிரியை படியிறங்கும்வரை கடைக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"இது முதல்ல நாறும், அப்புறம் மணக்கும்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாம? போன தடவை பூத்தப்ப சாக்கடை நாறுதுன்னு நீங்க ப்ளம்பரையே கூட்டிட்டு வந்தீங்களே."

"அப்ப சனிக்கிழமையே ஏன் சொல்லல?"

"சனிக்கிழமை வளர்த்தவர் நீங்கதானேங்க. வளர்த்தவருக்கே நான் போய் எப்படிச் சொல்லித் தர்றது?"