கோந்து சாரின் வண்ண ஜன்னல்

மீனுக்குள் வெளிச்சம் வரவில்லை.

"சார், ஜன்னல்ல ஒட்டினதும் மின்னும்னு சொன்னீங்களே" என்றாள் ரெட்டைச் சடைச் சிறுமி.

"மின்னும். கொஞ்சம் பொறு."

கைவேலை வகுப்புக்குப் புதிதாக வந்தவர் அவர். வந்த வாரமே பிள்ளைகள் 'கோந்து சார்' என்று பெயர் சூட்டிவிட்டார்கள். வேலை நிரந்தரமா, வந்த வழியே போவதா என்று இந்த வகுப்பின் முடிவில் தலைமை ஆசிரியை பார்த்துச் சொல்வார். அதற்காகத்தான் கறுப்பு அட்டையில் மீனும் பூவும் வெட்டி, ஓட்டைகளின் பின்னால் வண்ணத்தாள் ஒட்டி, ஜன்னலை நிரப்பச் சொல்லியிருந்தார். வெயில் பட்டால் அறையே வண்ணமாகும் என்று அந்த அம்மாளிடம் வாக்கும் கொடுத்தாயிற்று. பிள்ளைகள் வேடிக்கை பார்க்கக் கூடாதென்று அங்கே மங்கல் கண்ணாடி போட்டிருந்தாலும், நேற்று மத்தியானம் அவர் பார்த்தபோது வெளிச்சம் கொட்டிக்கொண்டுதான் இருந்தது.

பள்ளிச் சுவருக்கு அடிக்க வந்திருந்த பெயிண்டர் வாசலில் எட்டிப் பார்த்தார். "சார், இந்த ஜன்னல்..."

"ஜன்னல்லதான் வேலை ஓடிட்டிருக்கு. அப்புறம் வாங்க."

தாள்தான் தடிமன் என்று முடிவு கட்டி, பள்ளிச் சமையலறையிலிருந்து எண்ணெய் வரவழைத்துத் தடவச் சொன்னார். எண்ணெய் பட்டால் தாள் வெளிச்சத்தை விடும் என்பது சரிதான். ஆனால் எண்ணெய் பட்ட இடத்தில் கோந்து நிற்காது. மீன்கள் ஒவ்வொன்றாக வழுக்கித் தரைக்கு வந்தன.

"சார், இவன் என் தலையில எண்ணெய் தடவிட்டான்."

"தலைக்கு நல்லதுதான். உட்காரு."

எல்லாவற்றையும் டேப் போட்டு மறுபடி ஒட்டினார்கள். அப்போதும் மின்னவில்லை.

"டியூப் லைட் எரியுதுல்ல, அதான் தெரியல" என்று சொல்லி அணைத்தார்.

பட்டப்பகலில் கும்மிருட்டு. யாரோ கோந்துக் கிண்ணத்தின் மேல் உட்கார்ந்தார்கள். ஒருத்தி அழ ஆரம்பிக்க, மற்றவர்கள் பின்பாட்டுப் பாடினார்கள்.

விளக்கைப் போட்டார். "கறுப்பு அட்டை வெளிச்சத்தையே அடைக்குது. ஓட்டையைப் பெருசாக்குங்க."

"சார், ஒரே ஒரு வார்த்தை..." மறுபடி பெயிண்டர்.

"உங்களுக்கு நேரங்காலமே கிடையாதா? சாயங்காலம் வாங்க."

கத்தரிக்கோல்கள் கிளம்பின. மீன் சுறாவானது, சுறா வெறும் சட்டமானது. அந்த அளவு ஓட்டைக்கு ஒட்ட வண்ணத்தாளும் மிச்சமில்லை.

"சார், என் மீன் எங்க?"

ரெட்டைச் சடைச் சிறுமியின் உதடு பிதுங்கியதைப் பார்த்ததும் கோந்து சாருக்கு வேலை போவதைவிட அந்த மீன் போனதுதான் அதிகமாக வலித்தது.

தலைமை ஆசிரியை வந்து நின்றார். தரையெல்லாம் எண்ணெய், பாவாடையெல்லாம் கோந்து, ஜன்னல் நிறையக் கறுப்புச் சட்டங்கள்.

"வண்ணம் எங்கே?"

"மேடம், தப்பு எங்க மேல இல்ல. கட்டினவங்க ஜன்னலைத் தப்பான திசையில வச்சுட்டாங்க. இந்த ரூமுக்கு வெயிலே வராது."

தலைமை ஆசிரியையின் முதுகுக்குப் பின்னாலிருந்து பெயிண்டர் தொண்டையைச் செருமினார்.

"மேடம், நீங்களாவது கேளுங்க. வெளிச்சுவருக்கு அடிக்கறப்போ கண்ணாடியில பெயிண்ட் தெறிக்கக் கூடாதுன்னு, நேத்து சாயங்காலம் இந்த ஜன்னலை வெளியில தார்ப்பாய் கட்டி மூடினேன். வேலை முடிஞ்சுது, அவுக்கட்டுமான்னு கேக்கத்தான் காலையிலேர்ந்து வர்றேன்."