உங்கள் தம்பியின் நாக்குக்குக் கரண்ட்

மரியாதைக்குரிய நாத்தனார் அக்காவுக்கு,

உங்கள் தம்பி பெண்டாட்டி வணக்கத்தோடு எழுதுவது. நாங்கள் இரண்டு பேரும் மூச்சோடு இருக்கிறோம். மற்ற வீடுகளில் இது சும்மா எழுதுகிற வரி, எங்கள் வீட்டில் இதுதான் செய்தியே. உங்கள் வீட்டிலும் எல்லோரும் சௌக்கியமாக இருக்கவேண்டும்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன் அக்கா. உங்கள் தம்பியின் பல் கிளிப்பை நான் வேகவைத்துவிட்டேன். திட்டுவதென்றால் இங்கேயே கொஞ்சம் நிறுத்தித் திட்டிக்கொள்ளுங்கள், பிறகு மேலே படியுங்கள். போனில் சொல்லலாம் என்றுதான் பார்த்தேன். 'ஆபரேஷன்' என்ற வார்த்தையைக் கேட்டதும் நீங்கள் அழ ஆரம்பித்துவிட்டீர்கள், மிச்சம் எதுவும் உங்கள் காதில் ஏறவில்லை. கடிதம் என்றால் நீங்கள் பாட்டுக்கு அழலாம், நான் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டு போகலாம்.

பேக்கரியில் அடுப்பு வேலை ராத்திரி வேலை. விடிந்து வந்துதான் படுப்பார். எனக்கு லாண்டரி வேலை மத்தியானத்துக்கு மேல் என்பதால் பக்கத்தில் நானும் சாய்வேன். "என் தம்பி சின்ன வயசுலேயே சிங்கம் மாதிரி குறட்டை விடுவான்" என்று கல்யாணத்தன்று என்னிடம் பெருமையாகச் சொன்னீர்களே, ஞாபகம் இருக்கிறதா? சிங்கம் கத்தினால் பரவாயில்லை அக்கா. கத்திக்கொண்டிருந்த சிங்கம் சட்டென்று நிறுத்திவிடும், பாருங்கள், அதுதான் பயம். நெஞ்சு ஏறும், காற்று உள்ளே போகாது, உதடு கறுக்கும். நான் முழங்கையால் விலாவில் ஓங்கி ஒரு இடி இடிப்பேன். 'ஹக்' என்று மூச்சு வரும், சிங்கமும் திரும்பி வரும். நானும் அப்பாடா என்று கண்ணை மூடுவேன். இத்தனை வருஷமும் நான் தூங்கியது கோழித்தூக்கம்தான். அவரும் தூங்கினார் என்று பேர், அவ்வளவுதான்.

அதனால்தான் ஒரு நாள் ரொட்டி எடுக்கிற நீளக் கட்டையைப் பிடித்தபடி அடுப்பு முன்னால் நின்றுகொண்டே தூங்கிவிட்டார். ஒரு அடுப்பு ரொட்டியும் கரி. முதலாளி நல்ல மனுஷன், திட்டவில்லை. "நீ உள்ள விழுந்திருந்தா உன் பெண்டாட்டிக்கு நான் என்னய்யா பதில் சொல்றது?" என்று கேட்டுவிட்டு, ரொட்டிக்கு உறை போடுகிற மேஜையில் கொண்டுபோய் உட்காரவைத்துவிட்டார். மீசை முளைத்த நாளிலிருந்து அடுப்பு முன்னால் நின்ற மனுஷன் அக்கா. உறை போட்டுவிட்டு வந்தவர் சாப்பிடும்போது தலையே நிமிரவில்லை. "என்ன, இன்னைக்கு எத்தனை ரொட்டிக்குச் சட்டை போட்டுவிட்டீங்க?" என்று சீண்டிப் பார்த்தேன். கோபம்கூட வரவில்லை. அன்றைக்குத்தான் இனிமேல் சும்மா இருக்கக்கூடாது என்று முடிவு கட்டினேன்.

பல் டாக்டரிடம் போனோம். மேல் பல்லுக்கு ஒன்று, கீழ்ப் பல்லுக்கு ஒன்று, இரண்டையும் கோத்து ஒரு கிளிப் கொடுத்தார். அது கீழ்த்தாடையை முன்னால் இழுத்துப் பிடிக்குமாம், தொண்டை திறக்குமாம். சுத்தமாக வைத்துக்கொள்ளச் சொன்னார். லாண்டரிக்காரியிடம் அப்படிச் சொல்லலாமா? தலையணை உறைகளோடு சேர்த்துக் கொதிக்கிற தண்ணீரில் போட்டுவிட்டேன். வெளியே எடுத்தபோது செத்த மரவட்டை மாதிரி சுருண்டு கிடந்தது. பல் டாக்டர் அதைக் கையில் வைத்துக்கொண்டு, "அம்மா, சுத்தமாத்தான் இருக்கு" என்றார். வேறு செய்து கொடுத்தார்.

புதிய கிளிப் மாட்டியதும் மூச்சு நிற்பது குறைந்தது, ஆனால் போகவில்லை. பிறகுதான் தொண்டை டாக்டர் வந்தார், நீங்கள் அழுத ஆபரேஷனும் வந்தது. காரை எலும்புக்குக் கீழே தீப்பெட்டி அளவு ஒரு பெட்டியை வைத்து, நாக்கின் நரம்புக்கு ஒரு ஒயர் இழுத்துவிட்டார். படுக்கும்போது ரிமோட்டில் பட்டனை அமுக்கினால், தூங்கின பிறகு மூச்சுக்கு மூச்சு கரண்ட் போய் நாக்கை முன்னால் தள்ளும். தொண்டையை அடைக்கிற திருடன் நாக்குதானாம். ஆனால் கரண்ட் கூடினால் நாக்கு பல்லில் உரசிப் புண்ணாகிறது, குறைத்தால் மூச்சு நிற்கிறது. கடைசியில் தொண்டை டாக்டரே, "அந்தக் கிளிப்பையும் சேர்த்து மாட்டிப் பார்ப்போம்மா. தாடை கொஞ்சம் முன்னால வந்தா கரண்ட் கொஞ்சமே போதும்" என்றார்.

அன்றிலிருந்து இரண்டு டாக்டர்களும் சம்பந்திகள் ஆகிவிட்டார்கள். மூச்சு ஒரு தடவைகூட நிற்கவில்லை, ஆனால் உங்கள் தம்பி நிமிஷத்துக்கு நிமிஷம் விழித்துக்கொள்கிறார் என்று விரலில் மாட்டுகிற மெஷின் காட்டியது. "கிளிப்தான் உறுத்துது, அவர்கிட்ட சொல்லுங்க" என்பார் தொண்டை டாக்டர். "கரண்ட்தான் எழுப்புது, அவர்கிட்ட சொல்லுங்க" என்பார் பல் டாக்டர். நடுவில் நான் பெண் வீட்டுக்கும் மாப்பிள்ளை வீட்டுக்கும் தூது போனேன். பெட்டியையே எடுத்துவிடலாமா என்கிற பேச்சுகூட வந்துவிட்டது. அதைக் கேட்டு உங்கள் தம்பி, "விடு, உறை போடறதும் ஒரு வேலைதானே" என்றார். மறுநாளே நான் இரண்டு டாக்டர் வாசலிலும் போய் நின்றேன்.

கடைசியாக ஒரு தடவை பகலில் ஆஸ்பத்திரியிலேயே தூங்கவைத்துப் பார்த்தார்கள். என்னைப் பக்கத்துக் கட்டிலில் படுக்கவிட்டார்கள். மெஷின் பார்க்கிற பெண் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவள், கொஞ்ச நேரத்தில் எழுந்து வந்து என்னைத் தட்டி எழுப்பிக் காதில் சொன்னாள்: "அக்கா, அவருக்கு ஒண்ணுமில்ல. உங்க முழங்கைதான் வியாதி."

யோசித்துப் பாருங்கள் அக்கா. சத்தம் இருந்தால் ஆள் இருக்கிறார், சத்தம் நின்றால் இடிக்கவேண்டும். என் காது படித்தது அந்த ஒரு பாடம்தான். இப்போது கிளிப்பும் கரண்டும் சேர்ந்து அவரைச் சத்தமில்லாமல் தூங்கவைக்கின்றன. அதனால் நான் இடித்துக்கொண்டே இருந்திருக்கிறேன், தூக்கத்திலேயே, கட்டில் தாண்டிக் கையை நீட்டி! "இனிமே சத்தமில்லைன்னா நல்லா இருக்கார்னு அர்த்தம்" என்று அந்தப் பெண் சொல்லிக்கொடுத்தாள். மூளைக்குப் புரிந்தது, கைக்குப் புரியவேண்டாமா?

மறுநாள் வீட்டில் அவர் வயிற்றின்மேல் உள்ளங்கையை வைத்துப் படுத்தேன். கை ஏறியது, இறங்கியது, ஏறியது. காதை நம்பாமல் கையை நம்பினேன். எப்போது தூங்கினேன் என்றே தெரியாது அக்கா. கண்ணைத் திறந்தால் ஜன்னலில் வெயில் போயிருக்கிறது, லாண்டரிக்கு நேரம் எப்போதோ தாண்டிவிட்டது, இவர் கிளிப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"என்னடி, இன்னைக்கு இடிக்கவே இல்ல? என்மேல கோவமா?"

இந்த மனுஷனை என்ன செய்வது, சொல்லுங்கள்.

டாக்டர்கள் சொன்னதைக் கேட்டு முதலாளியும் சம்மதித்துவிட்டார். திங்கட்கிழமை அடுப்பு மறுபடி இவர் கைக்கு வருகிறது. ஆகவே பெட்டி கட்டிக்கொண்டு ஓடிவரவேண்டாம், நிம்மதியாக இருங்கள். வீட்டில் பெரியவர்களுக்கு வணக்கம், குழந்தைகளுக்கு ஆசீர்வாதம், உங்களுக்கு என் பங்குத் தூக்கத்திலும் பாதி.

இப்படிக்கு,
உங்கள் தம்பியை இடித்தவள்

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்குள் முதலாளி வந்தார், நேரில் இரண்டு நல்ல வார்த்தை சொல்வதற்கு. தூங்கிக்கொண்டிருந்தவர் குரல் கேட்டு எழுந்து, ரிமோட்டில் கரண்டை அணைக்காமல் அப்படியே வாசலுக்குப் போய்விட்டார். "என்னப்பா, திங்கக்கிழமை அடுப்புக்கு வர்றியா?" என்று முதலாளி கேட்டார். வாயில் கிளிப் இருந்ததால் பதில் வரவில்லை. மூச்சை இழுத்தார். நாக்கு வெளியே வந்தது. முதலாளி பார்த்தார். நாக்கு உள்ளே போய், மறுபடி வந்தது. முதலாளி "சரிப்பா" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். திங்கட்கிழமை உங்கள் தம்பி உறை போடத்தான் போகிறார். நீங்கள் வருவதென்றால் வாருங்கள்.