கணேசமூர்த்தி ஏழு முறை படித்த நாவல்

பிற்பகல் மூன்று மணிக்கு அந்தப் பிரெஞ்சு நாவல் திறக்க மறுத்தது.

கணேசமூர்த்தி மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மறுபடி பார்த்தார். முதல் தாளில் நாவலாசிரியரின் கையெழுத்து, ஊதா மையில், கொடி படர்ந்தாற்போல. அதற்கப்பால் தாள்களெல்லாம் ஓரத்தில் மடிந்து ஒட்டியே கிடந்தன. அந்தக் காலத்துப் பிரெஞ்சுப் புத்தகங்கள் அப்படித்தான் வரும்; வாசிப்பவர்தான் வெட்டிப் பிரிக்க வேண்டும். இது அவருக்கு இன்றுதான் உறைத்தது.

“இதையா ஏழு தடவை படிச்சீக?” என்றாள் மனைவி பேச்சியம்மாள். தூசி தட்டும்போது கண்டுபிடித்தவள் அவள்தான்.

தி.நகரில் ஜவுளிக்கடை, அபிராமபுரத்தில் வீடு, மனசு மட்டும் பாரிஸில். தினமும் சாப்பாட்டுக்குப் பின், ஏலத்தில் எடுத்த, ஆசிரியர் கையெழுத்திட்ட முதல் பதிப்பு ஒன்றை மார்பில் கவிழ்த்துக்கொண்டு சாய்வு நாற்காலியில் கண்ணை மூடுவார். கடற்காற்று வரும். பார்த்தேயிராத ஆற்றங்கரையில் மழை தூறும். மஞ்சள் விளக்கடியில் யாரோ ‘முசியே’ என்று அழைப்பார்கள். அவருக்குத் தெரிந்த பிரெஞ்சும் அவ்வளவுதான்.

நாலு மணிக்கு இந்த நாவலைப் பார்க்க மர்சலின் டீச்சர் வருகிறார். சாந்தோமில் பிரெஞ்சு கற்றுக்கொடுப்பவர். பிரெஞ்சு ரசிகர் சபைக்கு அடுத்த தலைவர் யார் என்பது அவர் சொல்லில்தான் இருக்கிறது. ஏழு முறை படித்ததாகச் சபையில் மைக் பிடித்துச் சொன்னவர் கணேசமூர்த்தி.

“கத்தரியை எடு.”

ஜவுளிக்கடைக் கை, பக்கங்கள் நேராகவே பிரிந்தன. ஆனால் வெட்டிய ஓரம் கோடி வேட்டிபோல் வெளுத்திருந்தது. காபி டிகாஷனைப் பஞ்சில் தொட்டுத் தடவினார். பழுப்பு வந்தது, ஈரமும் வந்தது. இஸ்திரிப் பெட்டியை வைத்தார். மூன்றாம் அத்தியாயம் கருகியது.

“ஏழு தடவைன்னா இம்புட்டு அடி பட்டிருக்கும்தான்,” என்றாள் பேச்சியம்மாள்.

மர்சலின் வந்தார். கையெழுத்தையும், யாருக்கு என்று எழுதியிருந்த பெயரையும் படித்தார். பக்கங்களைப் புரட்டியவர் முகம் மாறியது.

“நீங்க ஏலத்துல எடுக்கும்போதே பக்கமெல்லாம் வெட்டியிருந்துதா சார்?”

“ஆமா.” வேறென்ன சொல்வார்.

“இது ஆசிரியர் ஒரு விமர்சகருக்குக் கொடுத்த பிரதி. அவர் பக்கத்தைப் பிரிக்காமலே புகழ்ந்து எழுதிட்டார்னு பாரிஸே சிரிச்சுது. பாவம், சாகுற வரைக்கும் தலை நிமிரலை. இன்னிக்கே பாண்டிச்சேரிப் பிரெஞ்சுப் பத்திரிகைக்கு எழுதறேன், அவர் பக்கம் பிரிச்சுப் படிச்சிருக்கார்னு.” டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “சபைக்கும் நீங்கதான் தலைவர் சார்.”

கணேசமூர்த்திக்கு ஆற்றங்கரையில் மழை தூறத் தொடங்கியது.

பேச்சியம்மாள் காபியை வைத்தாள்.

“குடுத்து வச்ச மனுசன், டீச்சர். செத்துப்போன அவருக்கும் சேத்து, இவுகதான் இன்னிக்கு மூணு மணிக்கு உக்காந்து வெட்டிக் குடுத்தாக.”