பிரேக் சாரின் மஞ்சள் கார்

அபிராமபுரத்தில் எங்கள் தெருவில் பிரேக் சார் அளவுக்கு நிம்மதியில்லாத மனிதர் கிடையாது என்று சொன்னால் அது குறைத்துச் சொல்வதாகும். சென்னையிலேயே கிடையாது. ஹோட்டலில் தோசைக்குச் சொல்லிவிட்டு, அது வருவதற்குள் மூன்று முறை சமையலறை வரை போய் எட்டிப் பார்ப்பார். கல்யாண மண்டபத்தில் வரிசைக்கு வரிசை நாற்காலி மாறிக்கொண்டே பின்னால் போவார். தாலி கட்டும் நேரத்தில் வாசலில் நின்று, யாரோ ஒருவருடைய வண்டிக்கு ரிவர்ஸ் சொல்லிக்கொண்டிருப்பார்.

அதுதான் அவர் தொழிலும். மயிலாப்பூரில் முப்பத்திரண்டு வருஷம் டிரைவிங் ஸ்கூல் நடத்தியவர். கற்றுக்கொள்ள வந்தவர் வலது பக்கம் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நடுங்க, சார் இடது பக்கம் உட்கார்ந்து, தன் காலடியில் தனியாகப் பொருத்தியிருக்கும் பிரேக்கை மிதிப்பார். மிதித்துக்கொண்டே இருப்பார். நூறடிக்கு அப்பால் ஒரு மாடு தலையைத் திருப்பினால்கூட மிதிப்பார். தி.நகர் நகைக்கடை வீட்டுப் பெண்கள், ராயப்பேட்டை கண்ணாடிக்கடை பாய், நான், எல்லோரும் அவரிடம் கற்றவர்கள். அவரிடம் கற்ற யாரும் இன்றுவரை எங்கும் மோதியதில்லை. வேகமாக எங்கும் போய்ச் சேர்ந்ததும் இல்லை.

ஒரு நாள் டீ குடிக்கும்போது, ஏன் சார் இப்படிப் பறக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டேன். டம்ளரை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். இருபத்திரண்டு வயதில் கோடம்பாக்கத்தில் ஒரு ஸ்டுடியோவில் வேன் ஓட்டிக்கொண்டிருந்தாராம். படப்பிடிப்புக்கு மேல்கூரை இல்லாத ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வந்தது. கதாநாயகனுக்கு ஓட்டத் தெரியாது. வாசலிலிருந்து செட் வரை கொண்டுவர இவரைக் கூப்பிட்டார்கள்.

“எவ்வளவு தூரம் சார்?”

“இருநூறு அடி இருக்கும். ஃபர்ஸ்ட் கியர்தான்.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன, இறங்கச் சொல்லிட்டாங்க. நாப்பது வருஷம் ஆச்சு. நான் இன்னும் இறங்கலை.”

அறுபத்து மூன்றாவது வயதில், ஸ்கூலை மூடி, மூன்று பழைய வண்டிகளையும் விற்றுவிட்டு அந்தக் காரை வாங்கினார். அதே கார் இல்லை. ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு பட்டறையில் நின்ற, யாரோ ஒரு பணக்காரருக்கு அலுத்துப்போன இரண்டு இருக்கை கார். எலுமிச்சை மஞ்சள். பட்டனை அழுத்தினால் மேல்கூரை மடிந்து பின்னால் போய்விடும். எடுக்கப் போன அன்று நானும் கூட இருந்தேன். மெக்கானிக் சாவியைக் கொடுக்கும்போது சாரை மேலும் கீழும் பார்த்தார்.

“சார், வண்டி தரையோட தரையா கீது. ஏர்றது ஈஸி. எறங்க சொல்லோ பாத்துக்க.”

சார் அதைக் காதில் வாங்கவில்லை. உள்ளே விழுந்தார். விழுந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். வீடு வரை அவர் முகத்தில் இருந்த சிரிப்பை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. வீட்டு வாசலில் எஞ்சினை நிறுத்தினார். நான் இறங்கிவிட்டேன். சார் இறங்கவில்லை. ரசிக்கிறார் போலிருக்கிறது என்று நினைத்து என் வீட்டுக்குப் போய்விட்டேன். கால் மணி நேரம் கழித்து ஹார்ன் சத்தம் கேட்டது. சின்னதாக, வெட்கத்தோடு, ஒரே ஒரு முறை. நானும் வாட்ச்மேனும் போய் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்து வெளியே எடுத்தோம்.

மாடியிலிருந்து டீச்சர் பார்த்துக்கொண்டிருந்தார். சாரின் மனைவி. பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர். தெருவுக்கே டீச்சர்.

“இதுல ஏறினா இறக்க ரெண்டு ஆளு வேணுமா? நீங்க போங்க, நான் ஆட்டோல வரேன்” என்றார்.

சொன்னபடியே செய்தார். அடையாறில் ஒரு வளைகாப்புக்கு சார் காரிலும், டீச்சர் ஆட்டோவிலும் ஒரே நேரத்தில் கிளம்பினார்கள். டீச்சர் போய், வளையல் போட்டு, கலந்த சாதம் சாப்பிட்டுத் திரும்பி வரும்போது நாங்கள் எதிரே வந்துகொண்டிருந்தோம். நாங்கள் என்றால் சாரும் நானும். காரணம் வேகத்தடை. காரின் அடிவயிறு ஒவ்வொரு வேகத்தடையிலும் இடிக்கும். சார் டேப்பை எடுத்துக்கொண்டு அடையாறு வரை நடந்தே போய் எல்லாவற்றின் உயரத்தையும் அளந்து, இரண்டு மரப்பலகை செய்து வைத்திருந்தார். வேகத்தடை வந்ததும் நான் இறங்கி, முன்னும் பின்னும் பலகை போட வேண்டும். கார் ஏறி இறங்கியதும் பலகையை எடுத்துக்கொண்டு ஓடி வந்து ஏற வேண்டும். பதினோரு வேகத்தடை. ஆறாவதில் பின்னாலிருந்த ஆட்டோக்காரர் தலையை நீட்டினார்.

“யோவ், இன்னா பாலம் கட்டிக்கினு கீறியா?”

வேகத்தடையே இல்லாத சாலையும் சென்னைக்கு வெளியே இருக்கிறதே என்று அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை கிழக்குக் கடற்கரைச் சாலைக்குப் போனோம். நேரான ரோடு, காலி ரோடு, கூரையைத் திறந்தாயிற்று. சார் மூச்சை இழுத்துப் பிடித்து ஆக்சிலரேட்டரை மிதித்தார். முள் நாற்பதுக்கு வந்தது. அங்கேயே நின்றுவிட்டது. முப்பத்திரண்டு வருஷமாக அடுத்தவர் வேகத்தைக் குறைத்தே பழகிய கால் அதற்கு மேல் அழுத்த மறுத்தது. காய்கறி ஏற்றிய மினி லாரி எங்களை முந்தியது. ஸ்கூட்டரில் போன இரண்டு பெண்கள் கையசைத்துவிட்டுப் போனார்கள். சாருக்கு நெற்றியெல்லாம் வேர்வை.

“இன்னும் கொஞ்சம் அழுத்துங்க சார்.”

“அழுத்திட்டுத்தான் இருக்கேன் தம்பி. மனசால.”

வீட்டுக்கு வரும்போதே வலது முழங்காலைப் பிடித்துக்கொண்டார். மறுவாரம் டாக்டர் படம் எடுத்துப் பார்த்து, தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டார். அறுவை சிகிச்சை அன்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். வரவேற்பில் இருந்த பெண் நோயாளியின் பெயரைக் கேட்டாள். அப்போதுதான் எனக்கு அவர் பெயரே தெரியாது என்பது உறைத்தது. “பிரேக் சார்” என்றேன். அவள் முறைத்தாள். பக்கத்தில் நின்ற நர்ஸ் ஒருத்தி, “மூணாவது மாடி. நானும் அவர்கிட்டதான் கத்துக்கிட்டேன்” என்றாள்.

மூன்று மாதம் வண்டியைத் தொடக்கூடாது என்று உத்தரவு. உட்காரவே தெரியாத மனிதரை மூன்று மாதம் உட்காரச் சொன்னால் என்ன ஆகும்? வாக்கரைப் பிடித்துக்கொண்டு பால்கனியின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை எனக்கு போன். “காக்கா உட்காந்திருக்கு பாரு, கவரைச் சரியா போடு.” “டயர்ல காத்து இருக்கா?” “எஞ்சினை ரெண்டு நிமிஷம் ஓடவிடு, பேட்டரி போயிடும்.” ஒரு மாதத்தில் போன் குறைந்தது. பிறகு நின்றே போனது. எனக்கு அதுதான் பயமாக இருந்தது. போய்ப் பார்த்தால் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

“வித்துடலாம் தம்பி. பார்க்கப் பார்க்கக் கஷ்டமா இருக்கு. எனக்கு வண்டி பிராப்தம் இருநூறு அடிதான் போல.”

டீச்சர் சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். மறுநாள் காலையிலிருந்து, பூங்காவுக்கு நடக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்ப ஆரம்பித்தார்.

டீச்சருக்கும் ஸ்டியரிங்குக்கும் ஒரு பழைய கதை உண்டு. கல்யாணமான புதிதில் சார் அவருக்கு ஓட்டக் கற்றுக்கொடுக்கக் கிளம்பி, லஸ் கார்னர் போவதற்குள் ஒன்பது முறை பிரேக் போட்டாராம். ஒன்பதாவது முறை டீச்சர் சிக்னலிலேயே கதவைத் திறந்து இறங்கி வீட்டுக்கு நடந்துவிட்டார். அதன் பிறகு அந்த வீட்டில் அந்தப் பேச்சே கிடையாது. ஊருக்கெல்லாம் கற்றுக்கொடுத்தவர் வீட்டில் ஒருவருக்குக் கற்றுக்கொடுக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து ஒரு காலை, தெருவில் எல் போர்டு வைத்த ஒரு வெள்ளைக் கார் திக்கித் திணறி வந்தது. சாரின் வீட்டு எதிரிலேயே குலுங்கி நின்றுவிட்டது. ஸ்டியரிங்கில் டீச்சர். பக்கத்தில் மந்தைவெளியில் புதிதாக டிரைவிங் ஸ்கூல் ஆரம்பித்த ஒருவர். பால்கனியில் சார் வாக்கரோடு உறைந்து நின்றார். டீச்சர் சாவியைத் திருகினார். வண்டி துள்ளி மறுபடி நின்றது. சாரால் தாங்க முடியவில்லை.

“கிளட்ச், கிளட்சை முழுசா மிதி. முழுசா.”

தெருவே நிமிர்ந்து பார்த்தது. டீச்சர் மட்டும் பார்க்கவில்லை. மூன்றாவது முறை கிளப்பிக்கொண்டு, இண்டிகேட்டர் போட்டுத் திரும்பிப் போனார்.

இரண்டு நாள் அந்த வீட்டில் பேச்சில்லை. மூன்றாம் நாள் நான் போயிருந்தபோது, சார் பேப்பரைப் பார்த்தபடியே கேட்டார்.

“அவன் ரிவர்ஸ் எப்படிச் சொல்லித் தரான்?”

“கண்ணாடியைப் பார்த்து” என்றார் டீச்சர்.

“தப்பு. திரும்பிப் பார்க்கணும்.”

“சரி, நீங்க சொல்லுங்க.”

அன்று சாயங்காலமே நாற்காலிகளைப் போட்டு, அப்பளக் குழவியைக் கியராக வைத்துப் பாடம் நடந்தது. பிரேக்குக்கு அங்கே இடமில்லை. வலது கால் இன்னும் சரியாக மடங்கவில்லை. மிதிக்க முடியாத சார் முதல் முறையாக வாயால் மட்டும் கற்றுக்கொடுத்தார். நன்றாகவே கற்றுக்கொடுத்தார் என்று டீச்சரே என்னிடம் சொன்னார்.

ஐம்பத்தெட்டு வயதில் டீச்சருக்கு லைசென்ஸ் வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை காலை மஞ்சள் காரின் உறையை எடுத்தோம். சாரை இடது பக்கம் மெதுவாக இறக்கி உட்கார வைத்தோம். நான் பலகைகளை ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு பின்னால் கிளம்பினேன். முதல் வேகத்தடையில் நான் இறங்குவதற்குள், டீச்சர் ஸ்டியரிங்கை ஒடித்து, குறுக்குவாட்டில் ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்கிப் போய்விட்டார். எதுவும் இடிக்கவில்லை. சார் திகைத்துப் போய் அவரைப் பார்த்தது எனக்குப் பின்னாலிருந்தே தெரிந்தது.

“கணக்கு டீச்சர்ங்க நான்” என்று சத்தமாகச் சொன்னது கேட்டது.

அடையாறு பாலம் வந்தது. முன்னால் வண்டியே இல்லை. எஞ்சின் உறுமியது. அடுத்த நொடி மஞ்சள் புள்ளியாகி, அதுவும் மறைந்தது. நான் என் ஸ்கூட்டரில் பலகைகளோடு பெசன்ட் நகர் கடற்கரை போய்ச் சேர்ந்தபோது கார் கடலைப் பார்த்து நின்றுகொண்டிருந்தது. டீச்சர் இறங்கி இளநீர் வாங்கிக்கொண்டிருந்தார். சார் உள்ளேயே சாய்ந்திருந்தார். கண்ணோரத்தில் ஈரம். தலையில் மிச்சமிருந்த முடியெல்லாம் நட்டுக்கொண்டு நின்றது.

“எப்படி சார் இருந்தது?”

“அவ எழுபதுல போனா, தம்பி.”

கையால் முடியை அமுக்கிவிட்டுக்கொண்டார்.

“நான் ஒரு வார்த்தை சொல்லலை.”

இறக்கட்டுமா என்று கேட்டேன். இருக்கட்டும், அவசரமில்லை என்றார். அந்த வாயிலிருந்து அந்தச் சொல்லைக் கேட்பேன் என்று நான் நினைத்ததே இல்லை.

இப்போது ஞாயிறுதோறும் காலை ஆறு மணிக்கு எங்கள் தெருவில் அந்த உறுமல் கேட்கும். குழந்தை எழுந்துவிடுகிறது, தூக்கம் கெடுகிறது என்று குடியிருப்போர் சங்கத்தில் ஒரு புகார் வந்தது. விசாரித்து முடிவு சொல்கிற பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். நான் இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறேன். என் காலத்தில் அது முடியாது.